மேல் ஏரியில் ஏழு கூடாரங்கள்

கூடாரங்களை யாரோ முன்னமே அடித்து வைத்திருந்தார்கள்.

பாதையை மறித்துக் கட்டியிருந்த சங்கிலிக்கு அப்பால், புல்தரை ஏரியை நோக்கிச் சரிகிற இடத்தில், பச்சை நிறக் கூடாரங்கள் அரைவட்டமாக நின்றன. பிரிஸில்லா காரிலிருந்து இறங்குவதற்குள் எண்ணிவிட்டாள். எதைக் கண்டாலும் எண்ணுவது ஒரு வருடமாக அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஏழு. முந்தின நாள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாற்பத்தொரு பிள்ளைகள், கூடாரத்துக்கு ஆறு பேர் என்று நோட்டில் எழுதிப் பார்த்தபோதும் ஏழுதான் வந்தது. அந்த நோட்டை அவள் யாருக்கும் காட்டவில்லை. முகாம்காரர்களிடம் தொலைபேசியில் பேசியபோதுகூட, இடத்தைப் பார்க்க வருகிறோம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வேற யாரோ வந்திருக்காங்க போல," என்றாள்.

"நல்லதுதானேக்கா. நாலு பேர் வர்ற இடம்னா பயமில்ல லா," என்றான் தம்பி டேரில், கை பிரேக்கை இழுத்தபடி.

ஆனால் அங்கே யாரும் வந்ததற்கான அடையாளம் இல்லை. கூடார வாசலில் ஒரு செருப்பு இல்லை, காயப்போட்ட துண்டு இல்லை, மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிய சட்டியின் வாடை இல்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணி. மேகம் மலை உச்சியில் உட்கார்ந்திருந்தது. தெலுக் பஹாங்கிலிருந்து ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதையில், டுரியான் தோட்டங்களைத் தாண்டி, பிறகு வெறும் காட்டைத் தாண்டி, இருபது நிமிடம் ஏறி வந்திருந்தார்கள். வழி நெடுக எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

பிரிஸில்லா வாரநாட்களில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்தாள். வருடக் கடைசி விடுமுறையில் அந்தப் பிள்ளைகளை இரண்டு நாள் முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். இடம் பார்ப்பது அவள் பொறுப்பு. போன வருடம் தீவுக்கு அப்பால், பெருநிலத்தில் ஓர் ஆற்றங்கரையை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். இரண்டாம் நாள் காலையில், மேலே எங்கோ பெய்த மழைக்கு ஆறு திடீரென்று பெருகி, மிஷேல் என்ற பத்து வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு போனது. கீழே ஒரு பாறை இடுக்கில் பிள்ளை சிக்கிக்கொள்ள, டேரிலும் இன்னொருவரும் குதித்துத் தூக்கினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதன் உதடு நீலமாக இருந்த அந்த ஒன்றரை நிமிடத்திலிருந்து மட்டும் பிரிஸில்லாவால் வெளியே வர முடியவில்லை.

இந்த வருடமும் ஃபாதர் பேட்ரிக் அவளைத்தான் இடம் பார்க்கச் சொன்னார். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று அவள் கெஞ்சியபோது, "இல்லம்மா, நீதான் பார்க்கணும்," என்று முடித்துவிட்டார். வேறொருவரிடம் கொடுத்தால் அது அவள்மேல் எழுதிய தீர்ப்பாகிவிடும் என்று அவர் நினைத்தது அவளுக்குப் புரிந்தது. அதனால் மூன்று வாரமாக, ஜூருவில் பழைய கார் சாமான் கடை வைத்திருக்கும் டேரில் சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு அக்காவை ஒவ்வோர் இடமாகக் கூட்டிப்போனான். ஓர் அணைக்கட்டு ஓரத்தில் மோட்டார்சைக்கிள் கூட்டம் அதிகம் என்றாள். பாலிக் புலாவ் பக்கத்தில் ஆற்றின் சத்தம் கேட்டதுமே காரைத் திருப்பச் சொல்லிவிட்டாள்.

பிறகுதான் கைப்பேசியில் இந்த இடம் கண்ணில் பட்டது. மேல் ஏரி முகாம். பழைய எஸ்டேட்டுக்குத் தண்ணீர் தேக்கிய ஏரி. ஓட்டமில்லாத தண்ணீர், கரையிலிருந்து இருபது அடிவரை முட்டி ஆழம், சுற்றிலும் வேலி. படித்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ராத்திரியெல்லாம் படுக்கையில் புரண்டு எதையெல்லாம் வேண்டிக்கொண்டாளோ, அதையெல்லாம் யாரோ வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள்.

சங்கிலிக்குப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகையிலிருந்து காவல்காரன் வந்தான். முப்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான், பெயர் இக்மல் என்றான். அவனுடைய மோட்டார்சைக்கிள் மலையிறக்கத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கப்போவது யார் என்று மலாயில் கேட்டான். டேரில் அக்காவைக் கை காட்டினான். அதற்குப் பிறகு இக்மல் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுற்றிக் காட்டுவாயா என்று கேட்டதற்கு, தனக்குச் சங்கிலி வரைதான் வேலை, தேர்ந்தெடுப்பவர் உள்ளே போய்ப் பார்த்தால் போதும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

டேரில் அவளோடு வந்தான். பத்தடி போவதற்குள் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. சாரலும் போட ஆரம்பித்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, காரில் இருக்கிறேன், பார்த்துவிட்டு வா என்று திரும்பிவிட்டான். அவளுடைய கைப்பேசியும் காரில்தான் சார்ஜில் கிடந்தது. பத்து நிமிட வேலைதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

முதல் கூடாரத்தின் ஜிப்பை இழுத்தபோது புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மழைக்காலத்து வகுப்பறையில், நனைந்த காலுறையும் தலைக்கு வைத்த எண்ணெயும் ஜன்னல் சாத்திய சூடும் கலந்து வருமே, அந்த வாசனை. உள்ளே ஆறு பாய்கள் விரித்திருந்தன. இரண்டாவதிலும் ஆறு. மூன்றாவதிலும். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணிக்கொண்டே போனாள். ஒரு ஜிப்பின் சத்தம் அடங்கி அடுத்த ஜிப்பின் சத்தம் எழுவதற்குள் காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. கடைசிக் கூடாரத்தில் ஐந்து பாய்கள்.

ஆறாறு முப்பத்தாறு. ஐந்து. நாற்பத்தொன்று.

எதேச்சையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். முட்டி போட்டு உள்ளே நுழைந்து, ஈரம் இருக்கிறதா என்று பார்க்க முதல் பாயில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. யாரோ தூக்கத்திலிருந்து இப்போதுதான் எழுந்து போன சூடு. அடுத்த பாயும் அப்படியே. கூடாரத்துக்குள் வெயில் அடைத்துக்கொண்டிருக்கும் என்று மனம் உடனே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தது. அன்று வெயிலே வரவில்லை என்பது வெளியே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. முட்டி போட்டதில் நீலக் குர்தாவின் இடது முட்டியில் சேறு அப்பியிருந்தது.

இந்த இடம் வேண்டாம். முடிவு செய்துவிட்டாள். ஆனாலும் தண்ணீரைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. வெறும் பயத்தில் ஒரு நல்ல இடத்தை விட்டுவிட்டு, அடுத்த வாரம் இதைவிட மோசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? கீழே கிடந்த ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு, வேலியின் சின்னக் கதவைத் திறந்து, கரைக்கு இறங்கினாள். கம்பை விட்டு ஆழம் பார்த்தாள். முட்டி அளவு. நாலடி தள்ளிப் பார்த்தாள். முட்டி அளவு. எழுதியிருந்ததில் பொய்யில்லை.

சாரல் அவள் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது, கரையோர இலைகளில் பொட்டுப்பொட்டாகச் சத்தம் போட்டு விழுந்தது. ஏரியின்மேலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீரில் மட்டும் ஒரு வட்டம்கூட எழவில்லை. மழைத்துளி தொட்ட இடம் தெரியாமல், தேய்த்து வைத்த தட்டுப்போல, மொத்த ஏரியும் அசையாமல் கிடந்தது. அவள் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"பிரிஸில்லா."

டேரிலின் குரல். இடது பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து.

"வரேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் கார் நிற்பது வலது பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. அதற்கும் அடுத்து, மெதுவாக, இன்னொன்று. டேரில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஐந்து வயதில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டான், அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அதற்குப் பிறகு இந்த முப்பது வருடமாக அக்காதான். காட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது என்பது இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மலாய்க்காரத் தோழிகள் பள்ளியிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முகாமிலும் அவளே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மரங்களுக்குள் ஏதோ நின்று யோசித்தது.

"வரேன்," என்றது.

இப்போது வந்தது டேரிலின் குரல் இல்லை. ஒரு பெண் குரல், கொஞ்சம் தடித்து, தொண்டையில் சளி கட்டினதுபோல. மறுபடி சொல்லிப் பார்த்தது. "வரேன்." மூன்றாவது தடவை சரியாக வந்துவிட்டது. அந்த இழுவை, கடைசியில் லேசாகத் தேய்கிற அந்த மூச்சு எல்லாமே பிரிஸில்லாவுடையது.

அவள் ஓடவில்லை. ஓடினால் அதுவும் ஓடி வரும் என்று தோன்றியது. கம்பைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், வேலிக் கதவைத் தாண்டி, கூடாரங்களைத் தாண்டி, பாதையில் நடந்தாள். எதிரே சங்கிலி. சங்கிலிக்கு அந்தப் பக்கம் டேரிலின் வெள்ளைக் கார், கண்ணாடி பாதி இறக்கியிருந்தது, அவன் முழங்கை வெளியே தெரிந்தது. பாட்டு ஏதோ மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலைத் தூக்கிச் சங்கிலியைத் தாண்டி வைத்தாள்.

கால் தண்ணீரில் விழுந்தது.

ஏரிக்கரை. எதிரே அசையாத நீர். பின்னால் திரும்பினாள். புல்தரை, ஏழு கூடாரங்கள், பாதை, தூரத்தில் சங்கிலி.

மறுபடி நடந்தாள். இந்தத் தடவை வேகமாக. சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரும்பு ஈரமாக, குளிர்ந்து, நிஜமாக இருந்தது. பிடியை விடாமல் காலைத் தாண்டிப் போட்டாள். தண்ணீர். கையில் பிடித்திருந்தது வேலிக் கம்பி.

மூன்றாவது தடவை சங்கிலிக்கு அடியில் தவழ்ந்தாள். முகம் தண்ணீரில் முட்டியது.

டேரில் என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்தது, நெஞ்சு இழுத்தது, காற்று போனது. அவ்வளவுதான். தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். அங்கே எதுவும் அதிரவில்லை.

உதடு மட்டும் தானாக ஜெபத்தைத் தொடங்கியது. அவள் உதடு அசைய அசைய, மரங்களுக்குள்ளிருந்து அவளுடைய குரல் அதை உரக்கச் சொன்னது. ஒரு சொல் பிந்தவில்லை. அவள் வாயை மூடினாள். குரல் மீதியையும் சொல்லி முடித்தது.

பிறகு அது வெளியே வந்தது.

நீலக் குர்தா. இடது முட்டியில் சேறு. ஈரத்தில் ஒட்டிய முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தது. பிரிஸில்லா வெட்கப்படும்போது தள்ளுவதுபோல. அவளைக் கடந்து போனது. திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலியில் காலைத் தூக்கி வைத்தது. அந்தப் பக்கம் இறங்கியது. மண்ணில் இறங்கியது.

டேரில் உள்ளேயிருந்து எட்டிக் கதவைத் திறந்துவிட்டான். அத்தனை தூரத்திலும் ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதுக்குப் பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டது.

"எப்படிக்கா? இதுவும் வேணாமா?"

"இதே போதும்டா. இங்கயே வச்சிக்கலாம்."

"அப்பாடா," என்று அவன் சிரித்தான். "ஒரு வருஷத்துக்குப் பொறவு இப்பத்தான் உன் மொகத்துல சிரிப்பு பார்க்குறேன்."

டேரில், அது நான் இல்லை. டேரில், பாரு. ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பாரு. அவள் இரண்டு கையையும் வீசினாள். குதித்தாள். சேற்றை அள்ளிக் காரை நோக்கி எறிந்தாள். அது பறந்து போய் ஏரியில் விழுந்தது.

காரில் ஏறி உட்கார்ந்த அது கைப்பேசியை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

"ஃபாதர், இடம் பார்த்துட்டேன். தண்ணி முட்டி அளவுதான். பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாப் பிள்ளைங்களையும் அனுப்பச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தியது. "ஒருத்தரையும் விட்டுடாதீங்க."

கார் பின்னால் நகர்ந்து, திரும்பி, இறக்கத்தில் மறைந்தது. சிவப்பு விளக்கு இரண்டு தடவை மரங்களுக்கு நடுவே எரிந்து அணைந்தது. பிறகு இன்ஜின் சத்தமும் இல்லை.

இக்மல் கொட்டகை வாசலில் நின்றான். கொண்டி சரியாக மாட்டியிருக்கிறதா என்று சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவளையேதான். அவள் கண்ணை. அவன் முகம் கோணிக்கொண்டது.

"மாஃப், காக்," என்றான். மன்னித்துவிடுங்கள் அக்கா.

அவ்வளவுதான். மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

முதலில் அவள் நாட்களை எண்ணினாள். பசி எடுக்கவில்லை, தாகம் எடுக்கவில்லை, மழை அவளை நனைக்கவுமில்லை, அதனால் எண்ணிக்கை எங்கோ தப்பிப்போனது. சங்கிலியைத் தாண்டிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் கால் தண்ணீரில்தான் விழுந்தது. சில நேரம் ஏதாவது ஒரு கூடாரத்துக்குள் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவள் திறந்து பார்க்கவில்லை. யார் என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

ஒரு நாள் காலையில் மலைப்பாதையில் வண்டிகள் ஏறும் சத்தம் கேட்டது. நாலு வேன்கள். கதவுகள் திறந்ததும் பிள்ளைகளின் இரைச்சல் கொட்டியது. பைகள், தண்ணீர் போத்தல்கள், யாரோ தொப்பியைப் பிடுங்க யாரோ துரத்தினார்கள். ஃபாதர் பேட்ரிக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்து, அருமை என்றார். டேரில் சோற்றுப் பானையைத் தோளில் தூக்கி வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் அவன் முன்னால் போய் நின்று அவன் முகத்தைப் பிடித்தாள். அவன் ஒரு நிமிடம் நின்று, குளிருகிறதுபோலத் தோளைக் குலுக்கிக்கொண்டு, அவளைத் தாண்டிப் போனான்.

அவளுடைய முகத்தோடு வந்திருந்த அது கழுத்தில் விசிலோடு நின்று, பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

பிரிஸில்லா மரங்களுக்குள் பின்வாங்கினாள். தூரமாகப் போய்விட வேண்டும், எதையும் பார்க்கக்கூடாது, எதுவும் அவள் மூலமாக நடக்கக்கூடாது. அவ்வளவுதான் அவள் நினைத்தாள். அங்கே, கூட்டத்துக்குப் பின்னால், ஒரு சின்னப் பெண் தனியாகக் குந்தி உட்கார்ந்து காலில் மாட்டிய சப்பாத்துக் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தது. ஃபெலிசா. ஏழு வயது. முதல் முகாம். அதன் அம்மா ஆயர் ஈத்தாம் சந்தையில் பூ விற்கிறவள். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருப்பாள்.

தொண்டையில் ஏதோ அசைந்தது.

இத்தனை நாளில் முதல் தடவையாக. அடிவயிற்றிலிருந்து சூடாக ஏறி வந்தது. பிரிஸில்லா பல்லைக் கடித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரலைக் கடித்தாள். முகத்தை மரத்தில் வைத்து அழுத்தினாள், பட்டை கன்னத்தைக் கிழிக்கும்வரை.

குரல் விரலிடுக்கு வழியாக வெளியே போயிற்று. அது அவளுடைய குரல் இல்லை. பூக்காரியின் குரல். காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற, இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமே என்று தயங்குகிற, இளகிய குரல்.

"ஃபெலிசா."

பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயைத் திறந்தது.